கூத்தமடுவின் கோடிச் சுவர்

கூத்தமடுவில் மழை வந்தால் ஜனங்கள் முதலில் சந்தோஷப்படுவார்கள். கூரை ஒழுகுகிறதா, சுவர் ஊறுகிறதா என்பதையெல்லாம் அப்புறம்தான் பார்ப்பார்கள். தருமபுரிச் சீமையின் வறட்சியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயப்படத் தெரியாது. பயப்பட வாய்ப்பே கிடைத்ததில்லை. இந்தக் குறை கடைசியில் கொத்தனார் சவுரியப்பன் தலையில் வந்து விடிந்தது.

பொம்மிடி ரயிலடியில் இறங்கி, சேர்வராயன் மலையைப் பார்த்தபடி நடந்தால், மலை முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் கூத்தமடுவு இருக்கிறது. மலையில் விழும் மழை உருண்டு புரண்டு வந்து சேருமிடம் ஊர் ஏரி. ஏரிக்குப் பிறை போல வளைந்த மண்கரை. அந்தக் கரைக்கு நேர் கீழே கீழ்த்தெரு, சவேரியார் கோவில், பள்ளிக்கூடம். ஏரி முழுக்க நிரம்பினால் தண்ணீர் மட்டம் கீழ்த்தெருக் கூரைகளுக்கு மேலே நிற்கும். அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. ஏரி நிரம்பினால்தானே யோசிக்க?

கரையின் கிழக்கு ஓரத்தில் கோடி. ஏரி கொள்ளாத தண்ணீர் தானாக வழிந்து வெளியேறட்டும் என்று, கரையைவிடத் தாழ்வாகக் கருங்கல்லில் கட்டி வைத்த இடம். அங்கிருந்து இறங்கும் ஓடை ஊரைச் சுற்றிக்கொண்டு காட்டாற்றுக்குப் போகும். போகும் என்பது பேச்சுக்குத்தான். அதில் தண்ணீர் ஓடிப் பார்த்த பிள்ளைகளுக்கெல்லாம் மீசை முளைத்து நரைக்கவும் தொடங்கிவிட்டது.

ஊருக்குப் பெயர் வந்த கதை இது. ஒரு காலத்தில் கரைக்குக் கீழே விடியவிடியக் கூத்து நடந்ததாம். வேஷக்காரர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழைக்குக் கரை உடைந்து, மேளம், கட்டியங்காரன், கிரீடம் எல்லாம் மண்ணோடு போயிற்றாம். தண்ணீர் விழுந்து குடைந்த பள்ளம் பெரிய மடுவாகி நின்றது. அதுதான் கூத்தமடுவு. மழைக்கால ராத்திரிகளில் மடுவுக்குள்ளிருந்து மத்தளம் கேட்கும் என்று சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். பிள்ளைகள் தூங்கின. பெரியவர்களும் தூங்கிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் கதையில் மத்தளத்தைப் பிடித்துக்கொண்டு, கரை உடைந்த சேதியைக் கைவிட்டுவிட்டார்கள்.

பிறகு குதிரையில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் வந்தார். கோவில் கட்ட இடம் கேட்டார். ஊரார் மடுவை ஒட்டி, கரைக்கு அடியில், யாரும் உழாத நிலத்தை மனமுவந்து கொடுத்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? சாமியாரும் பார்க்கவில்லை. சவேரியார் கோவில் எழுந்தது, வேதக்காரர்களின் கீழ்த்தெரு எழுந்தது, கூத்தமடுவு தனிச் சாமியாருள்ள ஒரு பங்காயிற்று. மடு தூர்ந்துகொண்டே வந்தது. பின்னால் ஒரு வறட்சிக் காலத்தில் ஏரி மண்ணையே கொட்டி அதை மூடித் தேர்த்திடல் ஆக்கிவிட்டார்கள். இப்போது அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

ஒரு வழக்கம் மட்டும் ஊரை ஒட்டவைத்திருந்தது. ஏரி நிரம்பிக் கோடியில் வழிந்தால், அதாவது கோடி போனால், மேல்தெருக் கவுண்டர் வீட்டார் கரைமேல் இருக்கும் முனியப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். கீழ்த்தெருவார் சவேரியாரின் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு கோடிக்கு வருவார்கள். இரண்டு பக்கத்து ஜனமும் சேர்ந்து வழியும் தண்ணீரில் மஞ்சளும் பூவும் போடும். சாமி இரண்டானாலும் தண்ணீர் ஒன்றுதானே.

சவுரியப்பன் பிறந்தது கீழ்த்தெருவில், கரையைத் தொட்டுக்கொண்டிருந்த கடைசிக் குடிசையில். மீசை அரும்பும் முன்பே பெங்களூருக்குப் போய்விட்டான். முதலில் மண் சுமந்தான், பிறகு கலவை போட்டான், பிறகு கரண்டி பிடித்தான். கூடவே சித்தாளாகக் கல் சுமந்த செல்லம்மாளைக் கட்டிக்கொண்டான். முப்பது வருஷம் அவர்கள் குடியிருந்ததெல்லாம் கட்டி முடியாத வீடுகளில். கதவில்லாத அறையில் தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டுவார்கள். சுவர் எழும்பும், பூச்சு நடக்கும், தரை பளபளக்கும். வீடு வீடாகிற அன்று மேஸ்திரி வந்து, "பூச்சு காஞ்சிடுச்சு, கெளம்புங்க" என்பார். பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்தின் பள்ளத்துக்குப் போவார்கள். ஒரே மகளையும் அப்படி ஒரு பள்ளத்தின் ஓரத்தில்தான் வளர்த்து, நல்லம்பள்ளிக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கீழ்த்தெருக் குடிசை அண்ணன் பிள்ளைகளுக்குப் போய்விட்டிருந்தது. காலியாகக் கிடந்த இடம் ஓடை ஒன்றுதான். ஏற்கனவே அதில் ஏழெட்டு வீடுகள் முளைத்து, ஓடைத் தெரு என்று பெயரும் வாங்கி, கரண்ட் கம்பமும் வாங்கியிருந்தது. கரண்ட் கம்பம் வந்த இடத்துக்குத் தண்ணீர் வராது என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. சவுரியப்பனும் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்?

ஓடையில் தன் வீட்டை அவன் கட்டியதுபோல ராஜாக்கள் கோட்டை கட்டியிருக்க மாட்டார்கள். பகலெல்லாம் ஊரார் வேலை, சாயங்காலம் தன் வேலை. செல்லம்மாள் கலவை குழைப்பாள். மணல் எத்தனை சட்டி, சிமெண்ட் எத்தனை சட்டி என்று சொல்லவே வேண்டாம், கையை விட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். வருஷக்கணக்கில் இழுத்துச் சிவப்புத் தரையும், வேங்கைக் கதவும், நிலைக்கு மேலே சவேரியாருக்கு ஒரு மாடமுமாக வீடு எழுந்தது. பூச்சு காய்ந்த அன்று செல்லம்மாள் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"இனிமே யாரும் கெளம்புன்னு சொல்ல மாட்டாங்க, இல்லீங்க?"

"எவன் சொல்லுவான்?" என்றான் அவன்.

அதற்கடுத்த பங்குனியில் கோவிந்தக் கவுண்டர் வந்தார். ஏரிப் பாசனத்தில் பெரும்பங்கு நிலம் அவர் குடும்பத்துடையது. கெட்டவர் இல்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பேராசை, அதுவும் இந்த மாவட்டத்தில் குற்றமாகாது.

"சவுரி, கோடி மேல ரெண்டு வரி கல்லு வச்சு, சுவரு எழுப்பிட்டா இன்னொரு போகத்துக்குத் தண்ணி நிக்கும். உங்க ஓடத் தெருவுக்கும் தண்ணி வராது. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது. என்னா சொல்ற?"

கரும்பு தின்னக் கூலி வேண்டுமா? ஏரியில் அப்போது எருமை மேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டாந்தரையைப் பார்த்துக்கொண்டே சவுரியப்பன் கோடியின் மேல் முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பினான். தன் வீட்டைக் காக்கிற சுவர் என்பதால் சிமெண்ட்டைத் தாராளமாகப் போட்டு, இழைத்து இழைத்துப் பூசினான். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று பழமொழி சொல்கிறது. கூத்தமடுவு அதைச் சொல் பிசகாமல் கடைப்பிடித்தது. வெள்ளம் வெளியே போகிற வழியில் அணை போட்டது.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருஷம், சவேரியார் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில், புயல் என்றார்கள். புயல்கள் எல்லாம் கடற்கரையோடு போய்விடும், இங்கே தூறல்தான் வரும். இந்தப் புயல் வழி தவறியதுபோல மலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. விடாமல் பெய்தது. மலையில் வெள்ளிக் கோடுகளாக எங்கெங்கோ அருவி இறங்குவது ஊரிலிருந்தே தெரிந்தது. ஏரி ஒரே நாளில் பாதியாகி, மறுநாள் முக்காலாகி, திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் கோடியின் பழைய கல்லைத் தாண்டிப் புதுச் சுவரில் மோதி நின்றது.

ஊருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கரை முழுக்க ஜனம். செல்போனில் படம் பிடிக்கிறவர்கள் என்ன, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் என்ன. நாளைக்குள் தண்ணீர் சுவரையும் தாண்டி வழிந்துவிட்டால், திருவிழாச் சப்பரம் அப்படியே கோடிக்குப் போகும். கோவிந்தக் கவுண்டர் கிடாவையே பிடித்துக் கட்டிவிட்டார். கரையில் நடந்தால் கால் கொஞ்சம் உள்ளே போயிற்று. எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவுதான்.

சவுரியப்பன் கோவிலுக்குப் பின்னால் பந்தல்கால் நடப் போயிருந்தான். குழி தோண்டக் கடப்பாறையை ஊன்றியபோது, கரையின் அடிவாரத்தில், புல்லுக்கு நடுவே, தண்ணீர் கசிந்து வருவதைப் பார்த்தான். எலுமிச்சை அளவு ஓட்டை. தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. ஊற்று என்று விட்டுவிட்டான். பந்தல் வேலை முடிந்து திரும்பும்போது மறுபடி பார்த்தான். ஓட்டை தேங்காய் அளவாகியிருந்தது. தண்ணீர் சிவந்திருந்தது.

குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தான். பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்துக்குப் பள்ளம் பறித்தபோது, மண்சரிவின் ஓரத்தில் இப்படித்தான் முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது, பிறகு கலங்கிய தண்ணீர் வந்தது. மேஸ்திரி டீ குடிக்கப் போனார். டீ முடிவதற்குள் சரிவு முழுவதும் இறங்கிவிட்டது. அதில் பென்னாகரத்து ஆள் ஒருத்தன் புதைந்துபோனான். காலையில் சவுரியப்பனிடம் தீப்பெட்டி வாங்கிப் பீடி பற்றவைத்தவன். கலங்கிய தண்ணீர் என்றால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அதைத் தெரிந்தவன் நிம்மதியாக நிற்க முடியாது.

ஓடிப்போய்க் கவுண்டரை அழைத்து வந்தான். அவர் குனிந்து பார்த்தார்.

"மழக்காலத்துல ஊத்து எடுக்காதா? எங்கப்பா காலத்துக் கரைடா இது."

"தண்ணி கலங்கி வருதுங்க கவுண்டரே. உள்ள மண்ணு கரையுது. கோடிச் சுவத்த எடுத்துவுட்டுத் தண்ணிய எறக்கிடலாங்க."

கவுண்டர் அவனை வினோதமாகப் பார்த்தார். "உன் வூடு ஓடையிலதான இருக்குது? உன் வூட்ட அடிச்சிக்கிட்டுப் போவ நீயே வழி சொல்றியா? போடா, நாளைக்குச் சப்பரம் வரட்டும். பூசையப் போட்டுட்டு ரெண்டு கல்ல எடுத்துவுடலாம். இத்தன வருசம் கழிச்சு ரொம்பற ஏரிய ஒரு நாளு கண்ணார பாக்க வுட மாட்டியா?"

அடுத்து அவன் கோவில் பங்குச்சாமியாரிடம் ஓடினான். அவர் ஊருக்குப் புதியவர், சின்ன வயசுக்காரர். சொன்னதும் பதறிப்போய்த் தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டார். ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்றும், தரைப்பாலம் முழுகி மறுகரையில் நிற்கிறார்கள் என்றும் பதில் வந்தது. "என்ன செய்யலாம்?" என்று அவர் சவுரியப்பனையே கேட்டார். ஓட்டையைப் பார்த்தார்கள். தண்ணீர் இப்போது குழம்புபோல் வந்தது. கரைக்கு இந்தப் பக்கம் கோவிலுக்குள் நவநாள் செபத்துக்காகப் பிள்ளைகள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் உயரத்தில் ஏரி நின்றது.

கணக்கு கஷ்டமானதில்லை. கரை உடைந்தால் கீழ்த்தெரு முழுக்க ஒரே மூச்சில் போகும். சொல்லிக்கொண்டு வராது. திருவிழாவை விட்டுக் கீழ்த்தெருவார் நகரவும் மாட்டார்கள். கோடியைத் திறந்தால் தண்ணீர் ஓடையில் இறங்கும், ஓடைத் தெரு போகும், ஆனால் ஆட்கள் நடந்து வெளியே வந்துவிடலாம். சுவரைக் கட்டியவனும் அவன்தான். வீட்டைக் கட்டியவனும் அவன்தான். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

வீட்டுக்குப் போனான். செல்லம்மாள் திருவிழாவுக்கு வருகிற மகளுக்காக அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சொன்னான். அவள் சல்லடையைக் கீழே வைக்கவில்லை.

"நெசமாவே ஒடையுமாங்க?"

"எனக்குப் பயமா இருக்குது."

"பயம்தான? தெரியாதில்ல?"

"தெரியாது."

அவள் சிவப்புத் தரையை உள்ளங்கையால் தடவினாள். "பூச்சு காஞ்சிடுச்சு, கெளம்புன்றீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பாத்திரங்களைப் போர்வையில் கட்டினாள். அவ்வளவு வருஷப் பழக்கம், அதற்குச் சிறிது நேரம்தான் பிடித்தது. பிறகு, "கதவயாச்சும் கழட்டுங்க" என்றாள். இருவரும் வேங்கைக் கதவைக் கழற்றி, மழையில் சுமந்துகொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் சாய்த்தார்கள். மேல்தெரு மேட்டில் இருந்த பழைய பள்ளிக்கூடம் அது, இப்போது பூட்டிக் கிடந்தது.

ஓடைத் தெருவாரிடம் அவன் ஒரு பொய் சொன்னான். சுவரை இடிக்கப் போகிறேன் என்று சொன்னால் கட்டிவைத்து உதைத்திருப்பார்கள். "சுவரு தாங்காது, எந்த நேரமும் தண்ணி அதுவா ஒடச்சிக்கிட்டு வரும், மேட்டுக்குப் போங்க" என்றான். கட்டியவனே சொல்வதால் நம்பினார்கள். முணுமுணுத்துக்கொண்டே சாமானைத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டுச் சுகுணா மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. புருஷன் திருப்பூரோடு போய்விட்டவன். தையல் மெஷினை மிதித்து இரண்டு பெண்களை வளர்க்கிறாள்.

"உசுரே போனாலும் அந்தச் சுவரு அசையாதுன்னு நீங்கதானண்ணா சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டன்மா. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போ."

அவள் போனாள். போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டு போனாள்.

தெரு காலியானதும் சவுரியப்பன் கோடிக்குப் போனான். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைப் புளியமரத்தில் முடிந்தான். ஊர் ஜனம் முழுக்கக் கோவில் பக்கம் சப்பரம் கட்டிக்கொண்டிருந்தது. மத்தியான மழை ஏரியின்மேல் பொரிந்தது. கரையோரத்து மூலைக்கல்லில் கடப்பாறையை இறக்கினான். கல் அசையவில்லை. அவ்வளவு சிமெண்ட். தன் வேலையின் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே குத்தினான். கை தோலுரிந்தது. ஒரு கல் பெயர்ந்தது, பிறகு பக்கத்துக் கல். மூன்றாவது கல்லைத் தண்ணீரே தள்ளியது. அப்புறம் அவனுக்கு அங்கே வேலை இல்லை. சுவர் மூலையிலிருந்து சாய்ந்து சாய்ந்து போக, ஏரி பெருமூச்சு விட்டதுபோல் ஓடைக்குள் இறங்கியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறித் திரும்பியபோது, ஓடையின் மேட்டில் தையல் மெஷினின் தலையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு சுகுணா நிற்பதைப் பார்த்தான். மெஷினை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். கடப்பாறை அவன் கையில் இருந்தது.

கம்பம் முதலில் விழுந்தது. சுகுணாவின் வீட்டு ஓடு கலைந்தது. அவன் வீடு கொஞ்ச நேரம் நின்றது. நல்ல வேலை, அதனால் விழ நேரமாயிற்று. கதவில்லாத வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், ஜன்னல் வழியாக வெளியே வந்தது. பிறகு மாடத்தோடு முன்சுவர் மடிந்து உட்கார்ந்தது. ஒருவன் தன் வீட்டைத் தானே கொன்று பார்ப்பதைவிடப் பெரிய கொடுமை உலகத்தில் இருக்கலாம், அந்த நேரத்தில் சவுரியப்பனுக்கு அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஊர் திரண்டு வந்தது. "கோடி போச்சு! கோடி போச்சு!" என்று ஒரே கூச்சல். பாதி ஜோடித்த சப்பரத்தை அப்படியே தோளில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். பறை முழங்கியது. கவுண்டர் கிடாவை இழுத்து வந்தார். சுவரைத் தண்ணீரே உடைத்துக்கொண்டு வந்துவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள், அதுவும் திருவிழாவுக்கு முந்தின நாளே. இதைவிட என்ன அருள் வேண்டும்? கிழவிகள் குலவையிட்டார்கள். மஞ்சளும் சாமந்தியும் கூடை கூடையாகத் தண்ணீரில் விழுந்து, ஓடையில் இறங்கி, சிவப்புத் தரை இருந்த இடத்தின் மேல் சுழன்று போயின. யாரோ ஒருத்தர் அவன் கையிலும் கொஞ்சம் பூவைத் திணித்தார். "போடு சவுரி, போடு!"

அவன் போட்டான்.

அப்போதுதான் சுகுணாவின் குரல் பறைக்கு மேலே கேட்டது. "தண்ணி ஒடைக்கல! இந்தாளுதான் கடப்பாறையால இடிச்சாரு! நான் பாத்தன்!"

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. ஏரி கோடி மட்டத்துக்கு இறங்கி, கண்ணாடியாகக் கிடந்தது. ஜனங்கள் கரைமேல் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. கோவிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். புல்லுக்கு நடுவே சேறு காய்ந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. ஓட்டையின் வாய் சரிந்து மூடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே எவ்வளவு தூரம் பொந்து போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யாரும் தோண்டிப் பார்க்கவும் விடவில்லை. நல்ல கரையைத் தோண்டுவார்களா?

கரை உடைந்திருந்தால் சவுரியப்பன் சொன்னது பலித்திருக்கும், கேட்கத்தான் கீழ்த்தெருவில் ஆள் இருந்திருக்காது. கரை நின்றுவிட்டது. ஆகவே அவன் ஏழு குடும்பத்தின் வீட்டை வேண்டுமென்றே இடித்தவன் ஆனான்.

தேர்த்திடலில் ஊர் கூடியது. கோவிந்தக் கவுண்டர் கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். "ஒரு போகத்துத் தண்ணிய ஆத்துல வுட்டியேடா." பங்குச்சாமியார் தானும் கலங்கிய தண்ணீரைப் பார்த்ததாகச் சொல்ல எழுந்தார். "நீங்க இன்னும் ரெண்டு வருசத்துல மாத்தலாகிப் போயிடுவீங்க சாமி, நாங்க இங்கதான் இருக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அவரை உட்கார வைத்தது. சுகுணா கோவிலுக்குள் போய்ச் சவேரியார் படத்தை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இது மேல கைய வச்சுச் சொல்லுங்கண்ணா. நீங்க இடிக்கலன்னா கரை ஒடைஞ்சிருக்கும். சத்தியமா ஒடைஞ்சிருக்கும். சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டன்."

அவன் கையை நீட்டினான். அந்தப் பென்னாகரத்து ஆளின் முகம் வந்தது. காய்ந்த கறையும் வந்தது. கையை மடக்கிக்கொண்டான்.

"தெரியாதும்மா. எனக்குப் பயமா இருந்துச்சு."

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாமான் ஊர் கொடுக்கும். சவுரியப்பன் கூலியில்லாமல் கோடிச் சுவரை மறுபடி கட்டித் தர வேண்டும், இந்த முறை இன்னும் ஒரு வரி உயரமாக. ஓடைத் தெருக்காரர்கள் திரும்பவும் அங்கேயே கட்டிக்கொள்வார்கள். "ஓடையில வேணாங்க, மேட்டுல எங்கியாச்சும்" என்று அவன் குடும்பம் குடும்பமாகச் சொல்லிப் பார்த்தான். கதவைச் சாத்துவதற்குக் கதவு இல்லாததால் முதுகைக் காட்டினார்கள். மேட்டில் யாரும் இடம் தருவதாகவும் இல்லை.

அவனுக்கும் செல்லம்மாளுக்கும் பழைய பள்ளிக்கூடத்து வராந்தாவைச் சாமியார் ஒதுக்கிக் கொடுத்தார். ராத்திரி ரேடியோவில், கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு உருவாவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வேலை தொடங்கியது. கவுண்டரின் ஆட்கள் கல்லையும் மணலையும் சிமெண்ட் மூட்டைகளையும் இறக்கிவிட்டுப் போனார்கள். செல்லம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கலவைக்கு உட்கார்ந்தாள். வீடு போனதிலிருந்தே அவனிடம் சோறு போடட்டுமா என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மணலைக் குவித்துவிட்டு, சிமெண்ட்டுக்காக அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் அரைச் சட்டி அள்ளிப் போட்டான். அவள் காத்திருந்தாள். அவன் மூட்டையின் வாயைச் சுருட்டி மூடினான்.

முப்பது வருஷத் தொழிலில் சவுரியப்பன் கள்ள வேலை செய்ததில்லை. மேஸ்திரி சொல்லியே செய்ய மறுத்து, ஒரு தடவை வேலையை விட்டு வந்தவன். செல்லம்மாள் கலவைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிசைந்தாள், விரல் நடுவே உதிர்ந்தது. இது காய்ந்தால் சுவர் மாதிரி நிற்கும், ஏரி நிரம்பித் தண்ணீர் தோளால் இடித்தால், கரைக்கு முன்னால் இது புட்டுபோல உதிரும். அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள், கரைக்குக் கீழே தெரிந்த கோவில் கோபுரத்தைப் பார்த்தாள், பிறகு ஓடையைப் பார்த்தாள். அங்கே சுகுணாவின் பெண்கள் கயிறு பிடித்துப் புது வீட்டுக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீந்த சிமெண்ட் கண்ணில் படாமலிருக்க, யாரும் வருவதற்குள் செல்லம்மாள் ஒரு மூட்டையைப் பிரித்து ஏரிக்குள் கொட்டினாள். சாம்பல் நிறம் தண்ணீரில் விரிந்து அடங்கியது. பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து கலவையைக் குழைத்தாள்.

மத்தியானம் சுகுணா தூக்குப்போசியில் மோர் கொண்டு வந்தாள். கோபம் தீரவில்லை, ஆனால் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மோர் கொடுக்காமல் இருக்க அவளுக்கு வராது. எழும்பியிருந்த சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். மேல்பூச்சு வழவழவென்று இருந்தது.

"இந்தத் தடவ யாராலயும் அசைக்க முடியாத மாதிரி கட்டுங்கண்ணா. புள்ளைங்களோட நான் இதுக்குக் கீழதான் படுக்கணும்."

"கட்டறம்மா" என்றான் சவுரியப்பன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்லம்மாள் இன்னொரு சட்டி மணலை அள்ளிக் கலவையில் கொட்டினாள்.